முட்டாமல் நிற்பதே காப்பு: ஐவர்மலை கற்பிக்கும் பாடம்

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனியிலிருந்து மேற்கே கொழுமம் செல்லும் வழியில், பாப்பம்பட்டிக்கு அருகில் சமவெளியினின்று தனித்து உயர்ந்து நிற்பது ஐவர்மலை. அதன் இயற்கைக் குகைத்தளத்தின் மேற்புறப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பதினாறு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றையொட்டி வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அச்சணந்தி, இந்திரசேனர், மல்லிசேனப் பெரியார் முதலிய அறவோர் பெயர்கள் அங்கே காணப்படுகின்றன. தமிழகத்தின் பல குன்றுகளில் திருமேனிகளைச் செய்வித்த அச்சணந்தி அடிகளின் பெயரை இம்மலையிலும் காண்பது நமக்குப் பெருமகிழ்ச்சி தருவதாகும்.

அக்கல்வெட்டுகளுள் ஒன்று தனிச்சிறப்புடையது. 1905-ஆம் ஆண்டு கல்வெட்டுத் துறையினர் அதனைப் படியெடுத்தனர். சக ஆண்டு 792, அஃதாவது கி.பி. 870, பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு என்று அது கூறுகிறது. இரண்டாம் வரகுணன் கி.பி. 862-இல் அரியணை ஏறினான் என்று வரலாற்றறிஞர்கள் உறுதி செய்தது இந்த ஒரு கல்வெட்டைக் கொண்டேயாம். பாண்டியர் கால வரிசை முழுவதையும் தாங்கும் முளைகளுள் ஒன்று நம் முன்னோர் வாழ்ந்த ஒரு பள்ளியின் பாறையில் அடிக்கப்பட்டுள்ளது. அவ்வெழுத்து அழியுமாயின் இழப்பு சமணர்க்கு மட்டுமன்று. தமிழக வரலாற்றுக்கே ஆகும்.

இத்தகைய சின்னங்களைக் காக்க அரசு சட்டங்கள் இயற்றியுள்ளது, துறைகள் அமைத்துள்ளது, ஆண்டுதோறும் பொருள் ஒதுக்குகிறது. அப்பணி நன்கு நடைபெறுகிறதா என்பதை நாம் எவ்வாறு அறிவது? "அரசு ஒன்றும் செய்யவில்லை" என்று பொதுப்படக் குறைகூறுவதும், "அரசு பார்த்துக்கொள்ளும்" என்று வாளா இருப்பதும் ஆராய்ச்சி ஆகா. அளந்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலை ஐவர்மலைக் கல்வெட்டே நமக்குத் தருகிறது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்வெட்டு கூறும் செய்தி

குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் என்பார், திருவயிரை என்று அந்நாளில் வழங்கிய இம்மலையில் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுப்பித்தார். அத்தோடு அவர் நில்லாமல், அத்திருமேனிகளுக்குத் தடையின்றி அவி அமுது படைத்தற்கும், அங்கே ஓர் அடிகளுக்கு உணவளித்தற்கும் 505 காணம் பொன் வைத்தார். கல்வெட்டின் சாரம் இவ்வளவே.

இதனைக் கூர்ந்து நோக்குங்கள். ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த ஒரு தொன்மைச் சின்னப் பாதுகாப்புப் பணியின் அறிக்கை இது. சாந்திவீரக் குரவர் புதிய திருமேனிகளைச் செய்வித்துத் தம் பெயரை நிறுத்தவில்லை, பழையனவற்றையே புதுக்கினார். காக்கப்பட்ட பொருள் யாது, காத்தவர் யார், செய்த பணி யாது, செய்த காலம் எது, அதன்பின் நிகழவேண்டுவது யாது, அதற்கு வைத்த பொருள் எவ்வளவு என்னும் ஆறு செய்திகளும் சில வரிகளுக்குள் அடங்கியுள்ளன. இன்றைய துறை அறிக்கைகள் பலவற்றில் இவ்வாறும் ஒருங்கே கிடைப்பது அரிது.

அக்கல்வெட்டில் அவிக்கு அடைமொழியாக வரும் "முட்டா" என்னும் சொல்லை நம் இளைஞர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். முட்டுதலாவது தடைப்படுதல், முட்டாமையாவது இடையறாது நிகழ்தல். பொன் கொடுத்தது வழி. முட்டாமல் நடப்பது பயன். வழியை எண்ணிப் பயனை மறப்பதே இன்றைய மதிப்பீடுகளில் காணும் தலையாய குறையாகும்.

சட்டமும் துறைகளும்

இந்திய நாட்டில் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களைக் காப்பது மத்தியத் தொல்லியல் துறை. 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் மற்றும் தொல்லியல் இடங்கள் சட்டம் அதற்கு ஆதாரம். 2010-ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்திற்குத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் மாநிலத் தொல்லியல் துறை 1961-இல் தோன்றியது. 1966-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின்படி அத்துறை தனியே ஒரு பட்டியலைப் பேணி வருகிறது.

எனவே ஒரு சின்னம் மத்தியப் பட்டியலில் இருக்கலாம். மாநிலப் பட்டியலில் இருக்கலாம். இரண்டிலும் இல்லாமலும் இருக்கலாம். எப்பட்டியலிலும் இல்லாத குன்று, சட்டத்தின் கண்ணுக்கு வெறும் கல். கல்லுடைப்போர் கண்ணுக்கும் அவ்வாறே. ஆதலின் மதிப்பீட்டின் முதல் வினா, "இச்சின்னம் யாருடைய பட்டியலில் உள்ளது?" என்பதாகும்.

கோட்டையும் குன்றும்

திண்டுக்கல் நகரின் மலைக்கோட்டையைப் பலரும் அறிவர். மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் காலத்தில், 1605-ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கியது அது. பின்னர் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோர் வசப்பட்டு, 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வழி ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. இன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நுழைவுக் கட்டணம் உண்டு. அறிவிப்புப் பலகை உண்டு. படிகள் செம்மையாக உள்ளன. நகரின் நடுவே நிற்பதால் ஆயிரம் கண்கள் அதனைக் காண்கின்றன.

அவ்வாறன்றி, ஊருக்குப் புறத்தே காட்டையும் தோட்டத்தையும் ஒட்டி நிற்பவை நம் பள்ளிக் குன்றுகள். துறவறத்தோர் ஊர் நடுவே தங்காமல் ஒதுங்கிய குன்றுகளை நாடியதால் வந்த இயல்பு அது. கோட்டைக்கு வருவோர் எண்ணிக்கையையும் கட்டண வருவாயையும் அளவாகக் கொண்டு ஒரு துறையின் பணியை மதிப்பிட்டால், கோட்டை வெல்லும், குன்று தோற்கும். வருவாய் தராத சின்னத்தின் மதிப்பு குறைந்ததா? வரகுணனின் ஆண்டைக் கூறும் எழுத்துக்கு எத்தனை நுழைவுச் சீட்டுகள் ஈடாகும்? ஆகவே வருவோர் தொகை ஓர் அளவு ஆகலாமேயன்றி, தலைமை அளவு ஆகாது.

தணிக்கை கண்ட உண்மை

இத்துறையின் பணியை முறையாக அளந்த முயற்சிகளுள் முதன்மையானது, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2013-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை. அப்போது மத்தியப் பட்டியலில் இருந்த சின்னங்கள் 3,678. தணிக்கைக் குழுவினர் ஏடுகளை மட்டும் புரட்டாமல், துறை அலுவலருடன் 1,655 சின்னங்களுக்கு நேரில் சென்று பார்த்தனர். அவற்றுள் 92 சின்னங்கள் இருந்த இடம் தெரியவில்லை. பட்டியலில் பெயர் இருந்தது. நிலத்தில் பொருள் இல்லை.

பின்னர் துறையினர் தேடியதில் 92-இல் 42 கண்டறியப்பட்டன. எஞ்சிய 50 பற்றி 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த விவரம் இது: 14 நகர வளர்ச்சியில் மறைந்தன, 12 அணை நீரில் மூழ்கின, 24 எங்குள்ளன என்றே அறியக்கூடவில்லை. அக்காலத்தில் பட்டியலில் இருந்த 3,693 சின்னங்களுக்கு 7,000-க்கு மேற்பட்ட காவலர் தேவை என்று மதிப்பிடப்பட்டிருந்தது. ஆயினும் 248 இடங்களில் மட்டுமே, 2,578 காவலர் நிறுத்தப்பட்டிருந்தனர். நூற்றுக்கு ஏழு சின்னங்களுக்கும் குறைவாகவே காவல் இருந்தது என்பது இதன் பொருள்.

இனி ஒரு நுட்பத்தைக் காண்போம். காணப்படாதவை எனக் குறிக்கப்பட்ட அவ்விருபத்து நான்கனுள் 18 சின்னங்களை, தேசிய முக்கியத்துவம் இழந்தவை என்று கூறிப் பட்டியலினின்று நீக்க, 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் துறை முடிவு செய்தது. இல்லாத பொருளைப் பட்டியலில் வைத்திருப்பதால் பயனில்லை என்பது நேர்மையான வாதமே. ஆனால் மதிப்பிடுவோர் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஒன்றையும் கண்டுபிடிக்காமலேயே "காணாமற்போனவை" என்னும் தொகை இதனால் குறைந்துவிடும். எண் குறைந்தது கண்டு காப்பு வளர்ந்தது என்று கொள்ளுதல் பிழை. எண் ஏன் குறைந்தது என்று கேட்பதே ஆராய்ச்சி.

பெயர் மாறினால் பொருள் மறையும்

சின்னங்கள் "காணாமற்போக" ஓர் எளிய காரணமும் உண்டு. பழைய பட்டியல்களில் ஊர்ப்பெயரும் வட்டப்பெயரும் மட்டுமே இருக்கும். எல்லை அளவோ புல எண்ணோ இராது. ஊர்ப்பெயர் மாறும், மாவட்டம் பிரியும். கல்வெட்டில் திருவயிரை எனப்பட்டது இன்று பஞ்சபாண்டவர் கதையோடு இணைந்து ஐவர்மலை ஆகியுள்ளது. திண்டுக்கல் மாவட்டம் மதுரை மாவட்டத்தினின்று பிரிந்தது 1985-ஆம் ஆண்டில். அதற்கு முற்பட்ட ஏடுகளில் பழனி வட்டத்துச் சின்னத்தைத் தேடுவோர் மதுரை மாவட்டத்தின் கீழ்த் தேடவேண்டும். நம் குடும்பங்களில் எவரேனும் பழைய நூல்களையும் கல்வெட்டு அறிக்கைகளையும் புரட்டுவாராயின் இதனை நினைவிற் கொள்க.

இங்கு ஒன்றைச் சொல்லுதல் தகும். மலையின் பெயர் மாறியது, பிற சமய வழிபாடு அங்கு நிகழ்வது ஆகியவற்றைப் பகையாகக் கருதுதல் நம் நெறியன்று. மக்கள் நடமாட்டமும் வழிபாடும் உள்ள குன்று கல்லுடைப்பினின்று தப்பியதற்குத் தமிழகத்தில் சான்றுகள் பல. வேண்டுவது யாதெனில், அங்கு வருவோர் அனைவரும் திருவுருவங்கள் யாருடையவை, எழுத்து என்ன கூறுகிறது என்று அறிந்து, எண்ணெயும் வண்ணமும் பூசாமல் போற்றுவதேயாம். அநேகாந்தம் கற்ற நமக்கு இது கடினமன்று.

சட்டம் உறங்கிய பன்னிரண்டு ஆண்டுகள்

சட்டம் இயற்றியதையே சாதனையாகக் கொள்ளுதல் மற்றொரு மயக்கம். தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையச் சட்டம் 2012-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது 2024-ஆம் ஆண்டில். இடையில், 2021-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள், சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பது குறித்து 75 நெறிமுறைகள் கொண்ட விரிவான தீர்ப்பை வழங்கியது. 2012-இல் எவரேனும் "தமிழகத்தின் மரபுக் காப்பு எந்நிலையில் உள்ளது?" என்று கேட்டிருந்தால், "சட்டம் இருக்கிறது" என்று விடை கிடைத்திருக்கும். அவ்விடை பொய்யன்று, ஆயினும் ஒரு பாறையையும் அது காக்கவில்லை.

இங்கிலாந்து நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் வேறொரு முறை கையாளப்படுகிறது. காக்கப்பட்டவை எத்தனை என்று மட்டும் கூறாமல், அழியும் நிலையிலுள்ள சின்னங்கள் எவை என்னும் பட்டியலை ஆண்டுதோறும் பொதுமக்கள் காண வெளியிடுகின்றனர். இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்தவை எவை, செப்பம் பெற்று நீங்கியவை எவை என்று எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தன் குறையைத் தானே ஆண்டுதோறும் எடுத்துரைக்கும் முறை இது. நாள்தோறும் செய்த குற்றங்களை எண்ணிப் பிரதிக்கிரமணம் செய்யும் மரபில் வந்த நமக்கு அதன் பெருமை எளிதில் விளங்கும்.

மக்கள் காத்த மலை

குறைகளை மட்டும் கூறி முடித்தல் நடுநிலை ஆகாது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை நோக்குவோம். அங்குள்ள குன்றில் தமிழ் பிராமி எழுத்துகளும் கற்படுக்கைகளும் தீர்த்தங்கரர் திருவுருவமும் உள்ளன. குடைவரைச் சிவன் கோயிலும் உள்ளது. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த ஏறத்தாழ 193 எக்டேர் நிலப்பரப்பைத் தமிழக அரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது.

ஆயினும் 2024-ஆம் ஆண்டு நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வெளியாயிற்று. ஒரு கை காத்த இடத்தை மற்றொரு கை ஏலத்திற்கு விட்டதைப் போன்ற நிலை. ஊர் மக்கள் சாதி சமய வேறுபாடின்றித் திரண்டனர். கிராம சபைகள் தீர்மானம் இயற்றின. திசம்பர் 9-இல் தமிழகச் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மத்திய அரசு அவ்வேலத்தை நீக்கியது. மலை நின்றது.

இந்நிகழ்ச்சி கற்பிப்பன இரண்டு. ஒன்று, அறிவிப்பு மட்டும் காப்பு ஆகாது. துறைகள் ஒன்றையொன்று அறிந்து செயற்படுகின்றனவா என்பதும் அளக்கப்படவேண்டும். மற்றொன்று, தன் மலையின் பெருமையை அறிந்த ஊரே அம்மலைக்கு முதற் காவல். அறிந்திராவிடில் அம்மக்கள் எதனைச் சொல்லித் திரண்டிருப்பர்?

நம் இல்லத்துத் தணிக்கை

பிறரை அளக்கும் கோலால் நம்மையும் அளந்துகொள்ளுதல் முறை. நம் ஜிநாலயங்களில் திருப்பணி நிகழுங்கால் யாது நடைபெறுகிறது? கருங்கற் சுவர்மீது எண்ணெய் வண்ணம் பூசுகிறோம். கல்வெட்டுள்ள அதிட்டானத்தின்மேல் சிமெண்டு பூசுகிறோம். பழைய தளக்கல்லைப் பெயர்த்துவிட்டுப் பளபளக்கும் ஓடு பதிக்கிறோம். தேய்ந்த திருமேனி ஒன்றை மூலையில் ஒதுக்கிவிட்டுப் புதிய பளிங்குத் திருமேனியை எழுந்தருளச் செய்கிறோம். பக்தியால் செய்வன இவை, ஐயமில்லை. ஆயினும் மண்ணோடு போன எழுத்தைப் பக்தி மீட்டுத் தாராது.

சாந்திவீரக் குரவர் கையாண்ட "புதுக்குதல்" வேறு. நாம் செய்யும் "புதிதாக்குதல்" வேறு. முன்னது பழம்பொருளை நிலைபெறச் செய்வது. பின்னது பழம்பொருளின் இடத்தைப் பறித்துக்கொள்வது. திருப்பணி தொடங்குமுன் கல்வெட்டுகளைப் படியெடுத்தல், ஒவ்வொரு சுவரையும் நிழற்படம் எடுத்தல், தொல்லியல் அறிந்தாரை அழைத்துக் காட்டுதல் ஆகிய மூன்றையும் நம் சங்கங்கள் கட்டாய விதியாகக் கொள்ளலாம். அதன்பின் அரசைக் கேட்கும் தகுதி நமக்கு முழுமையாக வாய்க்கும்.

அளவுகோல்: ஆறு வினாக்கள்

மேற்கண்டவற்றைத் தொகுத்து, எந்தச் சின்னத்திற்கும் பொருந்தும் ஆறு வினாக்களை இங்குத் தருகிறோம். குடும்பத்தோடு ஒரு குன்றிற்குச் செல்லும்போது பிள்ளைகளிடம் இவ்வினாக்களைக் கொடுத்து விடை எழுதச் செய்க.

1. இச்சின்னம் மத்தியப் பட்டியலில் உள்ளதா, மாநிலப் பட்டியலில் உள்ளதா, எதிலும் இல்லையா?

2. எல்லை எது என்று நிலத்தில் காணமுடிகிறதா? அறிவிப்புப் பலகை சின்னத்தின் உண்மைப் பெயரையும் காலத்தையும் கூறுகிறதா?

3. சென்ற முறை கண்டபோது இருந்த உருவங்கள், எழுத்துகள் எத்தனை? இன்று எத்தனை? புதிய கீறல், எழுத்து, வண்ணம், எண்ணெய், புகைக்கறை உண்டா?

4. காவலர் உளரா? பெயரளவில் உளரா, நாள்தோறும் உளரா?

5. அருகில் கல்லுடைப்போ கட்டுமானமோ நடைபெறுகிறதா? எவ்வளவு தொலைவில்?

6. அருகிலுள்ள ஊரார் இச்சின்னத்தைப் பற்றி யாது அறிவர்?

இவற்றுள் மூன்றாவது வினாவே உயிர்நாடி. பணம் எவ்வளவு செலவாயிற்று என்பதற்கு விடை அலுவலகத்தில் உள்ளது. பொருள் அழியாமல் உள்ளதா என்பதற்கு விடை பாறையில் மட்டுமே உள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் எடுத்த நிழற்படங்களை நாள் குறித்து வைத்து வாருங்கள். ஐந்தாண்டுப் படங்களை வரிசையாக வைத்தால், எந்த அறிக்கையும் கூறாத உண்மையை அவை கூறும். திருவுருவங்களைத் தொடுதல், எழுத்தின்மேல் சுண்ணம் தேய்த்துப் படித்தல் ஆகியவற்றைத் தவிர்க்க. கண்ட குறையை மாவட்ட ஆட்சியர்க்கும் உரிய தொல்லியல் துறைக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். செலவும் பணியும் குறித்த விவரங்களை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படிக் கேட்டுப் பெறலாம்.

முடிவுரை

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளை நாம் வீடுபேற்றிற்கு வழியாகப் போற்றுகிறோம். உலகியற் பணிகளுக்கும் அவ்வரிசை பொருந்தும். முதலில் உள்ளதை உள்ளவாறு காணவேண்டும், பின்னர் அதன் காரணத்தை அறியவேண்டும், அதன்பின் செயற்படவேண்டும். காணாமல் செய்யும் குறைகூறலும், அறியாமல் செய்யும் திருப்பணியும் ஒருங்கே பழுதாகும்.

505 காணம் பொன் இன்று எங்கும் இல்லை. அவி அமுது எந்நாளில் முட்டுப்பட்டதோ, அங்கு உண்ட அடிகளின் வழிமுறை எந்நாளில் நின்றதோ, கல்வெட்டு கூறவில்லை. ஆயினும் அவர் எழுதுவித்த வரிகள் நின்றன. அவற்றால் ஓர் அரசனின் காலமும் ஒரு பள்ளியின் இருப்பும் உலகிற்குத் தெரிந்தன. அவ்வெழுத்து இன்னும் ஆயிரம் ஆண்டுகள் நிற்பதற்கு அரசின் பொன் மட்டும் போதாது; பார்க்கும் கண்களும் வேண்டும். அடுத்த முறை பழனிப் பக்கம் செல்லும் குடும்பத்தினர் ஒரு நாள் முற்பகலை ஐவர்மலைக்கு ஒதுக்குவீர்களாக. பதினாறு திருவுருவங்களையும் பிள்ளைகளைக் கொண்டு எண்ணச் செய்வீர்களாக. அவ்வெண்ணைக் குறித்து வைத்து, அடுத்த ஆண்டும் சென்று எண்ணுங்கள். அன்றும் பதினாறாக இருந்தால், காப்பு முட்டவில்லை என்று பொருள்.